2023 பிரேசில் லீக்: பால்மெய்ராஸா, பொட்டாஃபோகோவா?

2023 பிரேசில் லீக் கோப்பை பால்மெய்ராஸிடம் போனது. ஆனால் அந்த சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வாயில் வருவது பொட்டாஃபோகோவின் பெயர்தான். இரண்டில் எது நல்ல அணி என்று கேட்டால், எந்த மாதத்தைக் கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

மொத்தம் 38 ஆட்டங்கள். முதல் 19-இல் பொட்டாஃபோகோ 15 வெற்றி, 2 சமன், 2 தோல்வி. 47 புள்ளிகள். 20 அணிகள் ஆடும் இந்த முறையில் முதல் பாதியில் அதற்கு முன் அவ்வளவு எடுத்தது 2017-இல் கொரிந்தியன்ஸ் அணி மட்டும்தான். முன்களத்தில் டிக்கின்யோ சோரஸ் கோல் மேல் கோல் அடித்தார். ஒரு கட்டத்தில் 13 புள்ளி முன்னிலை. 1995-க்குப் பிறகு அதுவரை லீக் கோப்பையைத் தொடாத ரியோ அணி அது. ரசிகர்கள் நம்பத் தொடங்கியதில் தப்பே இல்லை.

அடுத்த 19-இல் 3 வெற்றி, 8 சமன், 8 தோல்வி. வெறும் 17 புள்ளிகள்.

வீரர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். மாறிக்கொண்டே இருந்தது பயிற்சியாளர். ஜூன் கடைசியில் லூயிஸ் காஸ்ட்ரோ சவுதியின் அல் நாசருக்குக் கிளம்பினார். இடையில் காசாப்பா தற்காலிகமாகப் பார்த்துக்கொண்டார். பிறகு வந்த புரூனோ லாஜ், கோயாஸுக்கு எதிராக டிக்கின்யோவை வெளியே உட்கார வைத்தார். ஆட்டம் 1-1, மறுநாளே பதவி போனது. அப்புறம் லூசியோ ஃபிளாவியோ, கடைசியில் தியாகோ நூனஸ். ஒரே சீசனில் ஐந்து பேர்!

பால்மெய்ராஸில் 2020-இலிருந்து ஏபல் ஃபெரெய்ரா ஒருவர்தான். அவர்களுக்கும் அடி விழாமல் இல்லை. முன்கள வீரர் டூடூவுக்கு முழங்கால் போனது. அக்டோபரில் தென்னமெரிக்க கிளப் போட்டியான லிபர்டடோரஸின் அரையிறுதியில் அர்ஜென்டினாவின் போகா ஜூனியர்ஸிடம் பெனால்டியில் தோற்றார்கள். லீக்கிலும் அடுத்தடுத்துச் சறுக்கினார்கள். ஏபல் தடுப்பில் மூவரை நிறுத்தி, 17 வயது எண்ட்ரிக்கை முன்னால் இறக்கினார். சாவ் பாலோ அணியை 5-0 என்று அடித்தார்கள். மூன்று வருடம் கூடவே இருக்கும் பயிற்சியாளர் சீசன் நடுவே இப்படி மாற்றிப் பார்க்கலாம். நேற்று வந்தவரால் முடியாது.

நவம்பர் 1, ரியோவின் நில்டன் சான்டோஸ் மைதானம். இரண்டு அணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்த ஓர் ஆட்டம் போதும். இடைவேளையில் பொட்டாஃபோகோ 3-0. எண்ட்ரிக் ஒன்று போட்டார். பொட்டாஃபோகோ தடுப்பாட்டக்காரர் அட்ரியெல்சனுக்குச் சிவப்பு அட்டை. 3-1 இருக்கும்போது டிக்கின்யோ பெனால்டியைத் தவறவிட்டார்; அடுத்த நிமிடமே எண்ட்ரிக்கின் இரண்டாவது கோல். பிறகு சமன். கூடுதல் நேரத்தின் 9-ஆவது நிமிடத்தில் முரிலோ அடிக்க, 3-4. அந்த பெனால்டி உள்ளே போயிருந்தால் கோப்பையே கைமாறியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எட்டு நாள் கழித்து க்ரெமியோவிடமும் பொட்டாஃபோகோவுக்கு அதே 3-4 தோல்வி. 36 வயது லூயிஸ் சுவாரெஸ், இரண்டாம் பாதியில் மட்டும் மூன்று கோல். சீசன் முழுக்கப் பார்த்தால் தனி ஆளாக அவரைவிட யாரும் நன்றாக ஆடவில்லை. க்ரெமியோ 68 புள்ளியோடு இரண்டாமிடம்.

பால்மெய்ராஸ் 70. பொட்டாஃபோகோ கடைசி 11 ஆட்டங்களில் ஒன்றுகூட ஜெயிக்காமல் 64-இல் நின்று ஐந்தாமிடத்துக்கு இறங்கியது. என்னைக் கேட்டால், பார்க்க அழகான கால்பந்து முதல் பாதி பொட்டாஃபோகோவுடையது. கோப்பைக்கு உரியவர்கள் பால்மெய்ராஸ்தான்.

2024 ஏப்ரலில் பொட்டாஃபோகோவுக்கு ஆர்தர் ஜோர்ஜ் வந்தார், சீசன் முடியும்வரை இருந்தார். நவம்பரில் பால்மெய்ராஸின் சொந்த மைதானத்திலேயே 3-1. முடிவில் பொட்டாஃபோகோ 79, பால்மெய்ராஸ் 73.