பாலிசியில் உறவுமுறையைப் பாருங்கள்: மணமாகாத ஜோடிகளுக்கும் தற்பாலின இணையர்களுக்கும் ஒரு எச்சரிக்கை

கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழும் ஜோடிகளும் தற்பாலின இணையர்களும் இருவருக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால், பாலிசி ஆவணத்தில் உறவுமுறை என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். என் இணையரை எங்கள் ஏஜென்ட் என் சகோதரி ஆக்கியிருந்தார். பிரீமியம் வாங்கிய வருடங்களில் நிறுவனத்துக்கு அது உறுத்தவில்லை. க்ளெய்ம் வந்ததும் உறுத்திவிட்டது.

நாங்கள் இரண்டு பெண்கள், சென்னையில் ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஏஜென்டிடம் எதையும் மறைக்கவில்லை. என்னோடு இருப்பவர் என் இணையர், சட்டப்படி திருமணம் கிடையாது, ஒரே பாலிசி கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டேன். "தாராளமா போட்டுடலாம் மேடம், இப்பல்லாம் எல்லாரும் எடுத்துக்கிறாங்க" என்று பதில் வந்தது. படிவத்தை ஏஜென்டே டேப்லெட்டில் நிரப்பினார். என் செல்போனுக்கு ஓடிபி வந்தது, பணம் கட்டினேன். கைக்கு வந்தது இ-கார்டு மட்டும். அதில் பெயர், வயது, பாலிசி எண் இருக்கும், உறவுமுறை இருக்காது. முழு ஆவணம் எந்த மின்னஞ்சலுக்குப் போனது என்பது பின்னால்தான் தெரிந்தது: படிவத்தில் ஏஜென்ட் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறார். புதுப்பிக்கும் நேரத்தில் வாடிக்கையாளர் கை நழுவாமல் இருக்க இவர்கள் செய்யும் வேலை இது.

ஒரே பாலிசி ஏன் கேட்டோம் என்றால், விலைதான். பத்து லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் எங்கள் வயதுக்குச் சுமார் 18,000 ரூபாய். ஆளுக்கொரு தனிப் பாலிசி என்றால் இரண்டும் சேர்ந்து 27,000 பக்கம். அப்போது 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசிகளுக்கு அது இல்லை). நியாயமாகச் சொன்னால், தனித்தனியாக எடுத்தால் ஆளுக்குப் பத்து லட்சம் முழுசாக இருக்கிறது, ஃப்ளோட்டரில் ஒரே பத்து லட்சத்தை இருவரும் பகிர வேண்டும். எனவே கூடுதல் பணம் மொத்தமும் நஷ்டம் இல்லை. ஆனால் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி கணவன் மனைவிக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஒரே பாலிசியில் ஆளுக்கொரு தொகை எடுத்தால் தரும் குடும்பத் தள்ளுபடியும் நிறுவனங்களின் பட்டியலில் உள்ள உறவுகளுக்குத்தான்.

அலுவலகத்தில் இன்னும் மோசம். என் பக்கத்து இருக்கைக்காரரின் கணவருக்கு நிறுவனச் செலவிலேயே காப்பீடு. அதே வேலை, அதே சம்பளம், என் இணையருக்கு ஒன்றுமில்லை. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு (80டி என்று அறியப்பட்ட பிரிவு) 25,000 ரூபாய் வரை கழிவு உண்டு, அதுவும் தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் கட்டியதற்கு. வேலையில்லாத இணையருக்காக நான் கட்டினால் கணக்கில் வராது.

சரி, க்ளெய்முக்கு வருகிறேன். என் இணையருக்குப் பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருவருடைய ஆதாரையும் வாங்கினார்கள். சாயங்காலமே கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) மறுப்பு. அக்கா தங்கைக்கு அப்பா பெயர் எப்படி வேறாக இருக்கும் என்று கேட்டது நிறுவனம். இதே ஆதார் நகல்களை பாலிசி கொடுக்கும்போதும் வாங்கித்தான் வைத்திருந்தார்கள்! ஒன்றரை லட்சத்துக்கு மேல் கையிலிருந்து கட்டினோம். அப்புறம் உறவுமுறையைத் தவறாகக் கூறியதாகச் சொல்லி பாலிசியையே ரத்து செய்தார்கள். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பாலிசியை மோசடி நிரூபணமானால் ஒழியக் கேள்வி கேட்க முடியாது என்ற விதி இருக்கிறது. நாங்கள் மூன்றாம் வருடத்தில் இருந்தோம்.

கிளை அதிகாரி நல்ல மனிதர்தான். "மேரேஜ் சர்டிஃபிகேட் இருந்தா திருத்திடலாம்" என்றார். ஆணும் பெண்ணுமாக இருக்கும் ஜோடிக்கு அது ஒரு வழி, பிடிக்காவிட்டாலும் வழி. எங்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் எங்களைக் குற்றவாளிகள் ஆக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் நீக்கியது. ஆனால் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் தற்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. 2024 ஆகஸ்டில் கூட்டு வங்கிக் கணக்குக்கும் நாமினி நியமனத்துக்கும் தடையில்லை என்று நிதிச் சேவைகள் துறை தெளிவுபடுத்தியது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. இவை எதுவும் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் குடும்பப் பட்டியலுக்குள் போய்ச் சேரவில்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால் நோயுள்ள நண்பர்களையெல்லாம் பாலிசிக்குள் சேர்த்துவிடுவார்கள் என்பது நிறுவனங்கள் சொல்லும் காரணம். போன வாரம் கல்யாணம் ஆனவரைச் சேர்க்கும்போது அந்தப் பயம் வருவதில்லை. கூட்டு வாடகை ஒப்பந்தம், கூட்டுக் கணக்கு என்று ஆதாரம் கேட்கட்டும், கொடுக்கிறோம். சேர்ந்து வாழும் இணையரையும் குடும்பம் என்று எழுதி வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்தியாவிலேயே சில இருக்கின்றன, எனவே முடியாத காரியம் இல்லை.

ஏஜென்ட் இப்போது "உங்க கிட்ட கேட்டுத்தான் போட்டேன்" என்கிறார். வாட்ஸ்அப் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருப்பதால் அதற்கு மேல் பேசவில்லை. நீங்களும் போனில் பேசியதை நம்பாதீர்கள், கேள்வியையும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாலிசி விதிமுறையில் குடும்பம் என்பதற்கான வரையறையைத் தேடிப் படியுங்கள். அங்கே இணையர் இல்லையென்றால் விற்பவர் வாயில் எவ்வளவு தேன் வடிந்தாலும் பயனில்லை. படிவத்தில் உங்கள் மின்னஞ்சலையே போடுங்கள், நிரப்பிய படிவத்தின் நகலையும் கேளுங்கள். ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை விதியோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர வேண்டும். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்லலாம். எங்களுக்கு என் இணையருடைய பங்குக்கான இந்த வருடப் பிரீமியத்தை மட்டும் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. வாங்கிக்கொள்ளவில்லை, புகார் சென்னை ஆம்பட்ஸ்மேனிடம் இருக்கிறது.

ஏற்கெனவே இப்படி ஒரு பாலிசியில் மாட்டியிருப்பவர்கள் க்ளெய்ம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உறவுமுறையைத் திருத்தவும், முடியாவிட்டால் காத்திருப்புக் காலம் (ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீடு கிடைக்கத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டிய காலம்) கழிந்த கணக்கோடு இணையரைத் தனிப் பாலிசிக்கு மாற்றவும் இப்போதே எழுதிக் கேளுங்கள். ரத்தான பிறகு அந்தக் கணக்கு போய்விடும். என் இணையருக்குத் தைராய்டு உண்டு. புதுப் பாலிசியில் அதற்கு மறுபடி மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.