பெயின்ட் கோடா, என்ஜின் குறியா? டைமிங் பெல்ட் ஒரு பல் தவறியபோது நான் தேர்ந்தெடுத்த வழி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் சான்ட்ரோ ஜிங் அவற்றை இரண்டாம் கியரிலேயே ஏறிப் பழகிய வண்டி. டைமிங் பெல்ட் மாற்றிய ஒரு வாரத்தில் அதே சாலையில் ஆறாவது வளைவிலேயே முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் வைத்த பட்டைதான் டைமிங் பெல்ட். காலையில் ஸ்டார்ட் ஆகவும் கூடுதல் நேரம் பிடித்தது. டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. பெல்ட் மாற்றிய பட்டறையில் முதலில் பெட்ரோலைக் குறை சொன்னார்கள், பிறகு ஃபில்டரை. எனக்கு அது மனத்தில் ஒட்டவே இல்லை. பெல்ட் மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதல் சந்தேகம் பெல்ட் மீதுதான் விழ வேண்டும்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றாமல், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டில், உறிஞ்சும் விசையை அளக்கும் வேக்யூம் கேஜை மாட்டினார். நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் என்ஜின், ஐட்லிங்கில் பெரும்பாலும் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும். என் வண்டியில் முள் 13-ஐ ஒட்டி ஆடாமல் நின்றது. அந்த ஆடாத தன்மைதான் துப்பு. ஒரு வால்வு மட்டும் கெட்டிருந்தால் முள் விட்டு விட்டுத் துடிக்கும். மொத்த வால்வு டைமிங்கும் தாமதமாக இருந்தால் முள் தாழ்ந்து, அப்படியே நிற்கும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு, பார்த்ததில் நான்கு சிலிண்டர்களும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தன. வால்வு வளையவில்லை என்ற நிம்மதி அப்போதுதான் வந்தது. பெல்ட்டின் மேல் மூடியைத் திறந்து, கிராங்க்கைக் குறிக்குக் கொண்டுவந்து பார்த்தோம். கேம் ஸ்ப்ராக்கெட், அதாவது கேமின் பல் சக்கரம், ஒரு பல் பின்தங்கியிருந்தது.

ஒரு பல் என்பது சிறிய பிழையாகத் தோன்றலாம். கிராங்க்கில் 20 பல், கேமில் 40 பல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமில் ஒரு பல் 9 டிகிரி. கேம் ஒரு சுற்றுச் சுற்றக் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதால், கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. அவ்வளவு தாமதமாக இன்டேக் வால்வு மூடினால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கை மேலேறும் பிஸ்டன் வெளியே தள்ளிவிடும். மேட்டில் இழுவை போனதற்கு அதுதான் காரணம்.

இனித் திருத்தும் வழிகள். பட்டறைகளில் நான் அதிகம் பார்ப்பது பெயின்ட் கோட்டு முறை. பழைய பெல்ட்டிலும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளிலும் வெள்ளைக் கோடு போடுகிறார்கள். பழைய பெல்ட்டின் பற்களை எண்ணிப் புதியதிலும் அதே இடங்களில் கோடிட்டு, கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டுகிறார்கள். வேகமான வேலை, கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் பெரும்பாலும் சரியாகவே முடியும். ஆனால் அது பழைய நிலையை நகலெடுக்கிறது, அவ்வளவுதான். பழைய பெல்ட் ஒரு பல் தவறி ஓடியிருந்தால் புதியதும் அப்படியே ஓடும். ஏற்கெனவே தவறிய வண்டியைத் திருத்த இந்த முறையால் பயனே இல்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது இன்னொரு குறை. பெயின்ட் கோட்டை மறுபடி சரிபார்க்க முடியாது. பெல்ட்டை மாட்டி இறுக்கிய பின் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தால்தான் வேலை சரியா என்று தெரியும். அந்த இரண்டு சுற்றில் பெல்ட் 40 பல் நகர்ந்துவிடுகிறது. நூற்றுக்கும் மேல் பல் உள்ள பெல்ட்டில் நீங்கள் போட்ட கோடு எங்கோ போயிருக்கும். 101 பல் உள்ள பெல்ட் என்றால், எல்லாக் கோடுகளும் மீண்டும் ஒன்றுசேரக் கிராங்க்கை 202 முறை சுற்ற வேண்டும். யாரும் சுற்றுவதில்லை. அதனால் கோடு பொருந்திய அந்த முதல் கணத்தை நம்பியே மூடியை மாட்டிவிடுகிறார்கள்.

பிழை நுழைவது பெரும்பாலும் அந்த முதல் கணத்துக்குப் பிறகுதான். பெல்ட்டை இறுக்கும் உருளையான டென்ஷனர் இருக்கும் பக்கம் பெல்ட்டின் தளர்ந்த பக்கம். எதிர்ப்பக்கம், கிராங்க் கேமை இழுக்கும் பக்கம். பெல்ட்டை மாட்டும்போது இந்த இழுக்கும் பக்கத்தில் சிறிது தளர்வு மிஞ்சினால், டென்ஷனரை விட்டதும் அது அந்தத் தளர்வை உறிஞ்சிக்கொள்ளும், கேம் நகரும். மாட்டும்போது கச்சிதமாக நின்ற குறி, இறுகிய பிறகு ஒரு பல் தள்ளி நிற்கும். ஆகவே கிராங்க்கில் தொடங்கி, இழுக்கும் பக்கத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு கேமில் மாட்டி, தளர்வு முழுவதையும் டென்ஷனர் பக்கம் தள்ள வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது என்ஜினின் சொந்தக் குறிகளை. சான்ட்ரோவில் கேம் ஸ்ப்ராக்கெட்டின் குறி மேலே சிலிண்டர் ஹெட் பக்கம் உள்ள குறியோடும், கிராங்க் ஸ்ப்ராக்கெட்டின் குறி ஆயில் பம்ப் உறையில் உள்ள குறியோடும் சேர வேண்டும். எத்தனை முறை சுற்றினாலும் ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் இவை திரும்பிவந்து சேரும். தவறினால் உடனே தெரிந்துவிடும். இந்த ஒரு குணத்துக்காகவே இந்த முறைக்கு என் ஓட்டு. “பெல்ட்டைப் பார்க்காதீர்கள் சார், சக்கரத்தைப் பாருங்கள்” என்று அந்த மெக்கானிக் சொன்னதில் எல்லாம் அடங்கிவிட்டது.

இதிலும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. வெளியே தெரியும் கிராங்க் புல்லியின் குறியை முழுவதும் நம்பக் கூடாது. சில புல்லிகளில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கும். அது விட்டுப்போனால் வெளிவளையம் குறியோடு சேர்ந்து நழுவிவிடும். கீழ் மூடியைக் கழற்றி ஸ்ப்ராக்கெட்டின் குறியையே பார்க்க வேண்டும். கழற்றும்போது கிராங்க்கின் சாவித் துண்டையும் (ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) பாருங்கள். அது தேய்ந்து ஆடினால் எந்தக் குறியும் நிலைக்காது. மேலிருந்து சாய்வாகப் பார்த்தால் சரியான குறிகூட அரைப் பல் தள்ளித் தெரியும். சிறிய கண்ணாடியை நேராகப் பிடித்துப் பார்ப்பது நல்லது. சந்தேகம் தீராவிட்டால் முன்னால் ஒரு பல், பின்னால் ஒரு பல் மாற்றி வைத்துப் பாருங்கள். எது மிக நெருங்குகிறதோ அதுவே சரி. சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவிச் சமன் செய்த என்ஜினில் கேம் குறி மயிரிழை விலகி நிற்பது இயல்புதான்.

சுற்றும்போது ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கை லேசாகும். என்ஜின் ஓடும் திசையிலேயே, ஸ்பேனரால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது இரும்பில் முட்டியது போல நின்றால், அங்கேயே விட்டுவிடுங்கள். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று பொருள். பலம் கொடுத்தால் வால்வு வளையும். ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றிப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மூன்றாவது வழி பூட்டு ஊசிகள். கிராங்க்கையும் கேமையும் ஊசி செருகி அசையாமல் நிறுத்திவிட்டு பெல்ட்டை மாட்டுவது. டஸ்டர், டெரானோ போன்ற வண்டிகளில் வந்த 1.5 லிட்டர் டீசல் என்ஜினுக்கு அதுதான் முறை. துல்லியத்தில் குறிகளைவிட மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் என் மைத்துனரின் டஸ்டர் ஒன்றில் மட்டுமே அந்த வேலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஒன்று மட்டும் அங்கே தெளிவாகக் கண்டேன்: ஊசி நிலையைக் காட்டத்தான், போல்ட்டை இறுக்கும் விசையைத் தாங்க அல்ல. ஊசியை நம்பி இறுக்கினால் ஊசி வளையும், டைமிங்கும் நகரும். ஊசிகளை எடுத்த பிறகு அந்த வேலையைச் செய்த மெக்கானிக்கும் இரண்டு சுற்றுச் சுற்றி, ஊசி மீண்டும் தடையின்றி நுழைகிறதா என்று பார்த்தார்.

கண்டறிவதற்கு, வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறு எண்களைப் படிக்கும் ஸ்கேனரை மட்டும் நம்புபவர்களுக்கு ஒரு சொல். கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்பதற்குப் பி0016 என்ற கோளாறு எண் உண்டு. வந்தால் நல்ல தடயம். ஆனால் ஒரு பல் பிழைக்கு எல்லா வண்டியிலும் அது வந்துவிடாது. என் வண்டியில் வரவில்லை.

என்ஜின் குறிகளுக்கு மாற்றி மாட்டியதும் வேக்யூம் முள் 18-க்கு ஏறியது. அடுத்த ஞாயிறு 20 வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே ஏறினேன். இப்போது எந்த வண்டியின் பெல்ட் வேலைக்கு விட்டாலும் பட்டறையில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கீழ் மூடியை மாட்டும் முன் என்னைக் கூப்பிடுங்கள், என் முன்னால் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை அது. முகம் சுளிக்கும் பட்டறையில் நான் வண்டியை விடுவதில்லை.