ஐந்து வருடம் ஓடிய சின்ன பேண்ட்சா: எல்லாம் சரி, அந்த வைஸ் மட்டும்

"நீங்க பேண்ட்சா வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சே, நானும் ஒண்ணு வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முந்தின நாள்தான் 25 மி.மீ. ராடில் ஒரு குட்டித் துண்டு வெட்டும்போது அது வைஸுக்குள் (இரண்டு தாடைக்கு நடுவில் துண்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) திரும்பிக்கொண்டு, மாட்டி இரண்டு வாரம்கூட ஆகாத பைமெட்டல் (இரண்டு வகை உலோகம் சேர்த்துச் செய்த) பிளேடில் ஏழெட்டுப் பல் போயிருந்தது. அதனால் அவரிடம் சொன்னதில் பாதி கோபம்தான். கொஞ்சம் ஆறியபின் எழுதுகிறேன்.

பேண்ட்சா என்றால் வளையமான ரம்பப் பட்டை இரண்டு சக்கரத்தில் சுற்றி ஓடி உலோகத்தை அறுக்கும் மெஷின். என்னுடையதை, அது வெட்டக்கூடிய அளவை வைத்து, நாலுக்கு ஆறு அங்குலம் என்பார்கள், படுக்கவைத்தும் நிமிர்த்தியும் வெட்டலாம், 64½ அங்குல பிளேடு. ஏறக்குறைய ஒரே அமைப்பு, பல பெயர்களில் பல நிறங்களில் வருகிறது. முதல் நாள் வெட்டிய துண்டை மூலைமட்டத்தில் வைத்துப் பார்த்தால் மேலிருந்து கீழே சாய்வு கண்ணுக்கே தெரிந்தது. அது பெரிய விஷயமில்லை. பிளேடை இரண்டு பக்கமும் பிடித்து நேராக ஓடவைக்கும் கைடு பேரிங்குகளில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மையம் விலகிய போல்டில் உட்கார்ந்திருக்கும், அதைத் திருப்பி பிளேடை இடைவெளி இல்லாமல் பிடிக்கவைத்து, கைடு இரண்டையும் வெட்டும் பொருளுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்து, பிளேடு வைஸின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு சாயங்கால வேலை. தகரக் கால்களைக் கழற்றிவிட்டு ஆங்கிள் இரும்பில் ஒரு ஸ்டாண்ட் பற்றவைத்தேன், ஆட்டம் நின்றது.

ஆனால் இந்த வைஸ்! நகரும் தாடை ஒரே ஒரு போல்டில் நிற்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு: சாய்வாக வெட்டுவதற்காக நிலையான தாடையை 45 டிகிரி வரை திருப்பினால், நகரும் தாடையும் தானாகத் திரும்பி அதற்கு இணையாக வந்துவிடும். நீளமான பொருளைப் பிடிக்கும்போது இதில் ஒரு குறையும் இல்லை. குட்டையான துண்டை பிளேடு பக்க ஓரத்தில் வைத்து இறுக்கிப் பாருங்கள், தாடையின் மறுமுனை உள்ளே மடங்கும், துண்டை ஒரு கோடு மட்டுமே பிடித்திருக்கும், அந்த நேரம் பார்த்து பல் மாட்டினால் துண்டு சுழன்றுவிடும். இன்னும் இறுக்கினால் இன்னும் மடங்கும், அவ்வளவுதான்.

தாடையின் மறுமுனையில் துளை போட்டு 10 மி.மீ. மரை வெட்டி, ஒரு போல்டும் அது நகராமலிருக்க லாக் நட்டும் போட்டேன். துண்டின் அகலத்துக்குச் சமமாகப் போல்டை நீட்டிவைத்தால் அது எதிர்த் தாடையில் முட்டி நிற்கும், தாடை மடங்காது. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அளவு மாறும்போதும் போல்டை மாற்றி நட்டை இறுக்க வேண்டும். பத்து துண்டு வெட்டுகிற அவசரத்தில் பதினோராவது வேறு அளவாக இருந்தால் மறந்துபோகும். போன வாரம் நடந்தது அதுதான். மறந்தது நான் என்றாலும், அஞ்சு வருடமாக ஒரு மெஷின் நம்மிடம் இதை ஞாபகம் வைக்கச் சொல்வது சரியில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, இதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்ததையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி கொடுக்கும் ஸ்பிரிங், பிளேடைச் சுமந்து இறங்கும் சட்டத்தின் பாரத்தைக் குறைக்கும், இறங்கும் வேகத்தைப் பிடிக்காது. சதுரக் குழாய் வெட்டினால் இது புரியும்: மேல் சுவரை பிளேடு அகலமாகத் தொடுவதால் மெதுவாகப் போகும், அது அறுந்ததும் பக்கச் சுவர் இரண்டு மட்டும்தான் தடுக்கும், அத்தனை பாரமும் ஒன்றிரண்டு பல்லில் இறங்கி, சட்டம் படக்கென்று விழும். பல் உடைவது அங்கேதான். அந்த வேகத்தைப் பிடிக்கத்தான் பழைய நியூமேட்டிக் (காற்றழுத்தத்தில் இயங்கும்) சிலிண்டர் ஒன்றில் எண்ணெய் நிரப்பி, எண்ணெய் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நீடில் வால்வும், தூக்கும்போது தடுக்காமலிருக்க ஒரு திசையில் மட்டும் எண்ணெயை விடும் செக் வால்வும் போட்டுப் பொருத்தினேன். தண்டு உள்ளே போகப் போக அந்த அளவு எண்ணெய் ஒதுங்க இடம் வேண்டும், அதை யோசிக்காமல் முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது, அப்புறம் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி சேர்த்தேன். இப்போது வால்வைக் கால் சுற்று திறந்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். முந்தின துண்டின் பிசிறை அரத்தால் எடுத்து முடிப்பதற்குள் இது அறுத்து முடித்து, தானே அணைந்திருக்கும். கட்டிங் வீலின் பொறியும் சத்தமும் இல்லாமல், துண்டு கையில் சுடாமல் கிடைப்பதில் இருக்கும் நிம்மதியை ஹாக்சாவில் வளர்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

பிளேடு விஷயத்தில் ஒன்றுதான்: எப்போதும் குறைந்தது மூன்று பல் உலோகத்துக்குள் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 14 பல் என்றால் ஐந்தரை மி.மீ. தடிமனுக்குக் கீழே போகாதீர்கள். ஆங்கிளைப் படுக்கவைக்காமல் கவிழ்த்த V மாதிரி வையுங்கள், அகலம் சீராக இருக்கும்.

இவ்வளவு புகழ்ந்தபின்பும் நண்பருக்கு என் பதில் 'வேண்டாம்' என்பதுதான். அவர் லேத்துக்காக நாள் முழுக்க இரண்டங்குலத் துண்டுகள்தான் வெட்டுவார், அந்த வைஸோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நீளமான ஆங்கிளும் குழாயும் வெட்டுபவராக இருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருடைய துண்டுகளையே எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், புது பிளேடு அதற்குள் வந்துவிடும்.