ஜெட் மாற்ற ஒன்றரை நாள் எடுத்துக்கொண்ட பட்டறை

1994-இல் அப்பா வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, டூ-ஸ்ட்ரோக் பைக். இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு தினமும் சொசைட்டிக்குப் போய் வந்த வண்டி. இப்போது நான் அதில்தான் வேலைக்குப் போகிறேன்.

போன தை மாதம் ஏர் ஃபில்டர் டப்பா விரிசல் விட்டது. டவுனில் ஒரு கடையில் டப்பாவையே கழற்றிப் போட்டுவிட்டு, கார்ப்பரேட்டர் வாயில் நேராகக் கூம்பு ஃபில்டர் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். பிக்கப் நன்றாக வரும் என்றார்கள், முதல் இரண்டு நாள் வந்த மாதிரியும் இருந்தது. கார்ப்பரேட்டருக்குள் காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற, துளை போட்ட சின்னத் திருகுதான் ஜெட். அதை யாரும் தொடவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் பெருந்துறையிலிருந்து வரும்போது, 80-இல் போய்க்கொண்டிருந்த வண்டியில் சத்தம் திடீரென்று சுருங்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. கை தானாகக் கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துவிட்டது. லேத்தில் சிலிண்டரைக் கடைந்து ரீபோர் போட்டு, 0.50 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டியதாயிற்று.

அப்புறம்தான் நண்பர் ஒருவர் இந்தப் பட்டறையைச் சொன்னார். ஈரோடு மாவட்டத்தில் கோபியிலிருந்து கவுந்தப்பாடி போகும் ரோட்டில், வாய்க்கால் பாலம் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. வாசலில் வேப்பமரம். பெயர்ப்பலகை கிடையாது. மெக்கானிக் அண்ணனுக்கு அறுபதை ஒட்டி வயது இருக்கும். வண்டியை ஒரு சுற்று பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: "ஏனுங்க தம்பி, காத்தைச் சேத்தி உட்டுட்டீங்க. பெட்ரோலையும் சேத்தி உடோணுமில்லீங்க?"

காற்று தாராளமாக வந்து பெட்ரோல் பழைய அளவிலேயே வந்தால் கலவை லீன் ஆகிவிடும், எஞ்சின் சூடேறும். எங்கள் வண்டியில் எண்ணெய் பம்பை எப்போதோ எடுத்துவிட்டோம், லிட்டருக்கு 30 மில்லி 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான எண்ணெய்) பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறோம். ஆக பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குப் போகிற எண்ணெயும் சேர்ந்தே குறையும். இது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவே பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளுக்குக் கலவையைக் கொஞ்சம் லீன் ஆக்கும்.

முதல் நாள் அவர் எடுத்த எடுப்பில் ஜெட்டுக்குப் போகவில்லை. வண்டியை ஐடிலிங்கில் விட்டு, கார்ப்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பரைச் சுற்றி கிளீனர் ஸ்ப்ரே அடித்தார். ஓரிடத்தில் அடித்ததும் சத்தம் மாறியது. ரப்பரில் முடி அளவுக்கு ஒரு விரிசல். அந்த வழியாகவும் காற்று இழுத்திருக்கிறது. ரப்பரை மாற்றாமல் எந்த ஜெட் போட்டாலும் கணக்கு நிற்காது என்றார். புது ரப்பர் போட்டு, இருந்ததைவிட 10 எண் பெரிய மெயின் ஜெட் மாட்டி (எண் கூடினால் துளை பெரிது, பெட்ரோல் கூடி கலவை ரிச் ஆகும்), "800 கிலோமீட்டர் அம்பதைத் தாண்டாம ஓட்டிட்டு வாங்க, புது பிஸ்டனுக்கு இப்ப ரிச்சாவே இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பப் போனபோதுதான் உண்மையான வேலை நடந்தது. ஆக்ஸிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டார். முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டின் வேலை. காலிலிருந்து முக்கால் வரை, ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில். அதற்குக் கீழே, காற்றுவழியைத் திறந்து மூடும் ஸ்லைடும், ஐடிலிங்குக்கான சின்ன ஸ்லோ ஜெட்டும், ஏர் ஸ்க்ரூவும். எந்தக் கோட்டில் வண்டி தடுமாறுகிறது என்று சொன்னால் போதும், எதைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டி, அப்படியே கிளட்ச்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி பிளக்கைக் கழற்றினோம். கறுப்பாக, ஈரமாக இருந்தது. மேல் வேகத்தில் தொண்டை அடைத்த மாதிரி ஒரு சத்தமும் வந்தது. ஜெட்டில் 5 எண் குறைத்தார். மறுபடி ஓட்டினோம். இந்த முறை பிளக் முனையில் இருக்கிற பீங்கானின் நிறம் பழுப்பு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நம்மூரு நாட்டுச்சர்க்கரை நெறத்துல இருக்கோணும். வெள்ளச் சக்கரையாட்டம் வெளுத்தா பிஸ்டன் போயிரும்" என்றார். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடிக்காரர் வேறு எதைச் சொல்வார்!

அரை ஆக்ஸிலேட்டரில் இருந்த சின்னத் தடுமாற்றத்துக்கு நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினார். கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். கடைசியில் ஏர் ஸ்க்ரூ. முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, சத்தம் ஏறி நிற்கும் இடத்தைக் காதால் பிடித்தார். இந்த ஸ்க்ரூவைத் திறந்தால் காற்றுதான் கூடும், பெட்ரோல் அல்ல. பலர் இதைத் தலைகீழாகத் திருப்புகிறார்கள் என்று வருத்தப்பட்டார். பழைய ஜெட்டின் துளையைக் கம்பி விட்டுப் பெரிதாக்குகிற பழக்கத்தைச் சொன்னபோது அவர் முகமே மாறியது.

கூலி 700 ரூபாய். ஜெட்டுக்கும் ரப்பருக்கும் தனி. பில் கிடையாது, கழற்றிய பழைய சாமான்களைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார். குறை என்றால் நேரம்தான். அந்த இரண்டாம் முறைக்கே ஒன்றரை நாள் ஆயிற்று. ஒரு நாளைக்கு இரண்டு வண்டிக்கு மேல் தொடமாட்டார். போனில் கேட்டால் "வாங்க பாத்துக்கலாம்" என்பார், போனால் முன்னால் ஒருவர் இருப்பார். அவசர வேலைக்கு இது இடமில்லை.

என் வழியில் நூல் மில்கள் நிறைய, பஞ்சு பறக்கும். டப்பா இல்லாத கூம்பு ஃபில்டரில் அது வெளியிலேயே படிந்து காற்றை அடைத்துவிடும், அப்போது கலவை ரிச் பக்கம் சாயும். அதனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழுவுகிறேன். பழைய டப்பா நல்ல நிலையில் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தன் கணக்கில் அதுதான் நல்லது என்று வெளிப்படையாகவே சொன்னார். தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் ஜெட்டை மறுபடி குறைக்க வேண்டும், அதற்கும் அவரிடம்தான் போவேன்.

போன வாரம் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன். 27 கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியரிலும் ஒரு தடவைகூடத் திணறவில்லை. மேலே நிறுத்திப் பிளக்கைப் பார்த்தேன், ஒரு சாயல் கறுத்திருந்தது. உயரத்தில் காற்று லேசாகும், அப்படித்தான் இருக்கும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி வைக்காமல் அவ்வப்போது திறந்துவிடச் சொன்னதையும் மறக்கவில்லை, மூடியே இருந்தால் எண்ணெய் போகாது.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். அமாவாசைக்குக் கடை கிடையாது.