அடிக்கணக்கை விட மாடிக்கணக்கு: உடற்பயிற்சிக் கைக்கடிகாரத்துடன் சில ஆண்டுகள்

கொரோனா கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் வாங்கிய கைக்கடிகாரம் இது. நடக்கும் அடிகளை எண்ணும், இதயத் துடிப்பு பார்க்கும், ஜிபிஎஸ் உண்டு, காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடும் பாரோமீட்டரும் உண்டு. பிராண்டைச் சொல்லவில்லை. நான் எழுதப்போவதில் பெரும்பகுதி இந்த வகைக் கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்கிய வாரத்திலேயே எழுதும் விமர்சனங்கள் நிறையக் கிடைக்கின்றன. சிங்கப்பூர் வெயிலிலும் வியர்வையிலும் வருடக்கணக்கில் கட்டிய பிறகு எது உதவுகிறது, எது உதவவில்லை என்று எழுதுபவர்கள் குறைவு. அதனால்தான் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் எல்லோரும் பார்க்கும் அடிக்கணக்குதான் இதில் உள்ள எண்களிலேயே எனக்கு மிகக் குறைவாக உதவியது. எத்தனை மாடி ஏறினேன், மூச்சு வாங்கும்படி எத்தனை நிமிடம் நடந்தேன், இந்த இரண்டும்தான் என் உடம்பை மாற்றின.

அடி எண்ணுவது இந்த ஊரில் பொதுப் பழக்கம். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015-இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சைத் தொடங்கியதிலிருந்து, ஹெல்தி 365 செயலியில் புள்ளி சேர்ப்பதும் அதைப் பற்றுச்சீட்டாக மாற்றி ஃபேர்பிரைஸில் அரிசி பருப்பு வாங்குவதும் பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இதை மிகவும் ரசிப்பவர் அம்மா. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கணக்கைப் பார்ப்பார்; குறைந்தால் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வருவார். எழுபதைத் தாண்டியவர் தானாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் 10,000 அடி எட்டவில்லையே என்று அம்மா கவலைப்படும்போது ஒன்றைச் சொல்வேன். அந்த எண் மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் விளம்பரத்திலிருந்து பரவியது. 2019-இல் அமெரிக்காவில் ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதுள்ள பெண்களிடம் நடத்திய ஆய்வில், நாளுக்கு ஏறக்குறைய 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் தெரியவில்லை. அம்மா இப்போது 5,000-இல் நிம்மதியாக இருக்கிறார்.

அடிக்கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடிகாரம் எண்ணுவது காலின் அசைவை அல்ல, கையின் அசைவை. ஃபேர்பிரைஸில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி அரைமணி நேரம் சுற்றினால் பாதி அடிகூடப் பதிவாகாது. குழந்தையின் தள்ளுவண்டிக்கும் அதே கதி. தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, தலைமேல் பால்குடத்தை இரு கையாலும் பிடித்தபடி நடந்தேன். வழியெல்லாம் வெறுங்காலில் நடந்ததில் மிகக் கொஞ்சமே கடிகாரத்தில் ஏறியிருந்தது. மாறாக, பஜனையில் உட்கார்ந்தபடி கைதட்டினால் எண் கூடும். எனவே ஒரு நாளின் அடிகளை இன்னொரு நாளோடு ஒப்பிட்டு வருந்தவோ பெருமைப்படவோ வேண்டாம். மாதப் போக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, மாடிக்கணக்குக்கு வருகிறேன். மலேசியாவின் சபாவில் உள்ள கினபாலு மலையில் ஏறவேண்டும் என்பது என் நீண்டநாள் இலக்கு. உச்சி 4,095 மீட்டர். பலர் ஏறியிருக்கிறார்கள், பயிற்சி செய்தால் முடியும் என்று படித்தபோது ஊக்கமாக இருந்தது. எங்கே பயிற்சி செய்வது என்று யோசித்தபோதுதான் நம் தீவின் நிலை புரிந்தது. நம் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே சுமார் 163 மீட்டர்தான். கினபாலுவில் முதல் நாள் மட்டும் மலைப்பாதை தொடங்கும் திம்போஹான் வாசலின் 1,866 மீட்டரிலிருந்து இரவு தங்கும் இடமான பானலாபானின் 3,272 மீட்டர் வரை ஏறவேண்டும். கடல்மட்டத்திலிருந்து எண்ணினாலும் புக்கிட் தீமாவை எட்டு முறைக்கு மேல் ஏறியதற்குச் சமம். அது வெறும் முதல் நாள்.

பழைய ரயில்பாதையான ரெயில் காரிடார் எனக்கு மிகவும் பிடித்த இடம். தஞ்சோங் பகார் நிலையத்துக்கு 2011 நடுவோடு ரயில் நின்றபிறகு 24 கிலோமீட்டருக்கு நடைபாதையாக மாறியது. நிழலும் புல்லும் கிங்ஃபிஷரின் சத்தமும் எங்கே கிடைக்கும்? இருந்தாலும் ரயில் ஓடுவதற்காகச் சமன் செய்த பாதை அது. பல மணிநேரம் நடந்து அடிக்கணக்கு எங்கேயோ போய்விட்டாலும் மாடிக்கணக்கு அப்படியே நிற்கும். அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் என் பயிற்சியின் திசையே மாறியது. மலைக்கு வேண்டியது தூரமல்ல, ஏற்றம். ஏற்றம் என்றால் இந்த ஊரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டுதான்.

கடிகாரத்தின் கணக்கைப் புரிந்துகொள்வது நல்லது. ஏறக்குறைய 3 மீட்டர் உயர்ந்தால்தான் அது ஒரு மாடி என்று எண்ணும். வீவக மாடிக்கு மாடி உயரம் பொதுவாக 2.8 மீட்டர். அதனால் கீழிருந்து பன்னிரண்டாம் மாடிக்கு ஏறினால் பத்து மாடி என்றே காட்டும். ஏமாற்றம் வேண்டாம், மீட்டர்களைப் பாருங்கள். ஒரு முறை ஏறினால் சுமார் 31 மீட்டர். மின்தூக்கியில் போனால் எண் கூடாது, ஏனென்றால் அழுத்தம் மாறுவதோடு அடியும் சேரவேண்டும். இடியும் மழையும் வரும் நாளில் காற்றழுத்தம் இறங்குவதால், சமதளத்தில் நடக்கும்போதே ஓரிரு மாடி கூடுதலாகப் பதிவாவதைக் கவனித்திருக்கிறேன்.

வேலைக்குப் போகும் முன், இன்னும் வெளிச்சம் வராத நேரத்தில் ஏறுவேன். மேலே வரும்போதெல்லாம் கடைசி மாடித் தாத்தா கதவைத் திறந்துகொண்டு காற்று வாங்க நிற்பார். முதல் வாரத்தில், "ஏம்மா, லிஃப்ட் வேலை செய்யலையா?" என்று கேட்டார். மலைக்குப் போகிறேன் தாத்தா, அதற்குப் பயிற்சி என்றேன். அன்றிலிருந்து "இன்னிக்கு எத்தனாவது தரம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே இன்னும் ஒரு முறை ஏறிய நாள்கள் உண்டு. எந்தச் செயலியின் அதிர்வும் எனக்கு அந்த அளவு உதவியதில்லை.

முட்டியைக் காப்பாற்ற இறங்கும்போது மின்தூக்கி எடுங்கள் என்று பலர் சொல்வார்கள். வெறும் உடற்பயிற்சி என்றால் சரியான யோசனைதான். ஆனால் கினபாலு போகிறவர்கள் கொஞ்சமாவது இறங்கிப் பழகவேண்டும். அங்கே உச்சியைத் தொட்ட அதே நாளில் 8.7 கிலோமீட்டர் தூரம், 2,200 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும். தொடைத் தசை நீண்டபடியே உடலின் பாரத்தைத் தாங்குவதால்தான் மறுநாள் அப்படி வலிக்கிறது. அந்தப் பாரத்துக்குத் தசையைப் பழக்க இறங்கித்தான் ஆகவேண்டும். பயிற்சியின் பின்பாதியில் முதுகில் தண்ணீர் பாட்டில்களுடன் படிகளில் மெல்ல இறங்கினேன். ஜோகூரின் குனோங் லம்பாக்குக்கும் பிறகு 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்குக்கும் என் கணவரோடு போய்வந்தது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான். லேடாங்கில் வேர்களைப் பிடித்து ஏறும் இடங்களில் மணிக்கட்டில் எதுவும் இல்லாமலிருந்தால் நல்லது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணாடி கீறாமல் இருக்கும்.

மெக்ரிட்சி காட்டில் ஜிபிஎஸ்ஸை ரொம்ப நம்பவேண்டாம். அடர்ந்த இலைக்கூரையின் கீழ் சமிக்ஞை தடுமாறும். ஒரே பாதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நீளம் காட்டும். வழிப்பலகையில் எழுதியிருக்கும் தூரமே சரி. அங்குள்ள ட்ரீடாப் வாக் போகிறவர்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் 250 மீட்டர் தொங்குபாலத்தில் ஒருவழியாக மட்டுமே போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பிளாஸ்டிக் பை கையில் தெரியக்கூடாது, குரங்குகளுக்கு அது சாப்பாட்டுப் பை.

இதயத் துடிப்பைப் பற்றி: சீராக நடக்கும்போது நன்றாகவே காட்டுகிறது, படியில் சட்டென்று வேகம் கூடும்போது சற்றுத் தாமதமாகப் பிடிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும். காலை ஏழு மணிக்கு வந்த எண்ணை மதியம் மூன்று மணியோடு ஒப்பிடமுடியாது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிற பரிந்துரையைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். பேசமுடிகிறது, பாடமுடியவில்லை என்றால் அது மிதமான வேகம். கடிகாரம் இல்லாதவர்களும் இப்படியே கண்டுபிடிக்கலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் கடிகாரம் காட்டும் கலோரி எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவேண்டாம் என்பது என் திடமான கருத்து. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை துடிப்பை நன்றாக அளந்தன. கலோரியில் மட்டும் மிகச் சிறந்ததே 27 விழுக்காடு தவறியது. "இன்று 600 எரித்துவிட்டேன், ஒரு முட்டைப் புராட்டா சாப்பிடலாம்" என்று கணக்குப் போட்டால் அந்தக் கணக்கின் அடியே ஆட்டம்.

எனக்கு உதவியது கடிகாரமல்ல, தட்டைப் பிரித்துப் பார்த்ததுதான். பாதித் தட்டு காய்கறி பழம், கால்வாசி சோறோ சப்பாத்தியோ, மீதிக் கால்வாசி மீன், முட்டை, பருப்பு. சுகாதார மேம்பாட்டு வாரியம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் அளவு இது. நம் சமையலுக்கு இது அந்நியமே இல்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, வாழைப்பூ, புடலங்காய் எல்லாம் கிடைக்கின்றன. பொரியலைக் கரண்டியளவில் வைக்காமல் சோற்றின் இடத்தில் வைத்தால் போதும், பழக்கம் மாறிவிடும். உணவங்காடியில் சாப்பிடும்போதுதான் கடினம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் "சோறு பாதி போதும்ணே, கூட்டு இன்னும் கொஞ்சம் வைங்க" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகவே வைப்பார்கள்.

இனிப்பில்தான் பெரிய மாற்றம் செய்தேன். 2022 டிசம்பர் இறுதியில் பாட்டில், டப்பா பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது; ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. சிறு கடைகளுக்கு விலக்கு இருப்பதால் காப்பிக்கடையில் அந்த எழுத்தைப் பார்க்கமுடியாது, நாமே யோசிக்கவேண்டும். சாதாரண தே (தேநீர்) என்றால் கண்டென்ஸ்டு மில்க். தே சி என்றால் எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். நான் தே சியிலிருந்து சர்க்கரை குறைந்த சியூ தாய்க்கும் அதிலிருந்து மெதுவாகச் சர்க்கரையே இல்லாத தே சி கொசோங்குக்கும் வந்தேன். ஒரே நாளில் மாறாமல் படிப்படியாகக் குறைத்ததால்தான் நிலைத்தது. இப்போது பழைய தேயைக் குடித்தால் நாக்கில் ஒட்டுகிறது.

கினபாலுவில் கடிகாரம் எப்படி இருந்தது? முதல் நாள் அருமை. ஏறிய உயரத்தைச் சரியாகக் காட்டியதால் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று மனதுக்குத் தெரிந்தது. கட்டாயம் உடன்வரும் வழிகாட்டி, "பெலான், பெலான்" (மலாயில் மெதுவாக) என்றபடி முன்னால் நடந்தார். துடிப்பு எண் ஏறும்போதெல்லாம் நானும் அவருடைய வேகத்துக்கே குறைத்துக்கொண்டேன். உயரத்தில் அவசரப்படாதது நல்லதாகிவிட்டது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவாக்கில் உச்சிக்குக் கிளம்பிய பிறகு கதை வேறு. குளிரில் தோலுக்கு வரும் ரத்தம் குறைவதால் கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கு காட்டிய துடிப்பு தாறுமாறாகப் போனது. மின்கலமும் குளிரில் வேகமாக இறங்கியது. கருங்கல் சரிவில் கயிற்றைப் பிடித்து நடக்கும்போது அதைப் பார்க்கவும் நேரமில்லை. விடியும்போது உச்சியில் நின்றேன். அந்தக் காலைக்காக எத்தனை படியும் ஏறலாம்.

இனி குறைகள். சிலிகோன் பட்டையின் கீழ் வியர்வை தேங்கி மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் வந்தன. நைலான் பட்டைக்கு மாற்றி, குளித்ததும் கையைத் துடைத்து உலரவிட்ட பிறகு சரியானது. வாங்கும்போதே பட்டை கழற்றக்கூடியதா என்று பாருங்கள். மழையிலும் வியர்வையிலும் தொடுதிரை விரலை மதிக்கவே இல்லை. மின்கலம் முதலில் ஒரு வாரம் தாங்கியது, இப்போது இரண்டு நாளில் சார்ஜ் கேட்கிறது. மாற்றித்தர முடியுமா என்று கேட்டபோது, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றே பதில் வந்தது. இத்தனை விலை கொடுத்த பொருளில் மின்கலத்தை மாற்ற வழி இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்தது வாங்கும்போது பாரோமீட்டர் கண்டிப்பாக வேண்டும், தொடுதிரையோடு பொத்தான்களும் வேண்டும். மின்கலத்தை மாற்றித்தருவார்களா என்பதைக் காசு கொடுக்கும் முன்பே கேட்பேன். தூக்கத்துக்கு மதிப்பெண், மன அழுத்தத்துக்கு எண், கையிலேயே மின்னஞ்சல், இவற்றுக்கெல்லாம் கூடுதலாக ஒரு வெள்ளியும் தரமாட்டேன். பழையது ஓடும்வரை அம்மாவிடம் இருக்கும். வாரக்கடைசியில் பீஷான் பூங்காவுக்குக் கட்டிக்கொண்டு போக அதன் இரண்டு நாள் மின்கலம் அம்மாவுக்குத் தாராளம்.