கண்ணுக்குள் எண்ணெயா, கேஸா?

பிரிந்த விழித்திரையை ஒட்டவைத்தபின், அது மறுபடி கழன்றுவிடாமல் உள்ளிருந்து தாங்க ஏதாவது வேண்டும். கேஸ் வைப்பார்கள், அல்லது சிலிக்கான் எண்ணெய். சாதாரணக் கிழிசலுக்குக் கேஸ் போதும். தழும்பேறிச் சுருங்கிய சிக்கலான விழித்திரைக்குப் பெரும்பாலும் எண்ணெய். இரண்டுமே சரிவரும் என்று டாக்டர் சொல்லும்போதுதான் நமக்குக் குழப்பம். குப்புறப் படுப்பது இரண்டிலும் உண்டு, அதை விடுங்கள்.

கேஸ் தானாகக் கரையும். எஸ்எஃப்6 என்ற வகை சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்ற வகை சுமார் இரண்டு மாதம். அதுவரை விமானம் கூடாது. மேலே போனால் கேஸ் விரிந்து கண் பிரஷர் எகிறும், பார்வையே போகலாம். லீவு முடிந்து துபாய் திரும்ப வேண்டிய கீழக்கரைக்காரருக்கு இது பெரிய தடை. கொடைக்கானலும் வேண்டாம். சங்கு குளிப்பவரும் பாசி எடுப்பவரும் கடலில் இறங்கக் கூடாது.

எண்ணெய் வைத்தால் பறக்கலாம், ஓரளவு பார்வையும் தெரியும். ஆனால் அது கரையாது. இன்னொரு ஆபரேஷனில் எடுக்க வேண்டும், வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். கண் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா நுழைவது இங்கேதான். நாளாக ஆக எண்ணெய் பொடித்துளிகளாக உடைந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் சல்லடையை அடைக்கும். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டிய பிரஷர் மெல்ல ஏறும். பல நேரம் வலியே இராது. செத்த பார்வை நரம்பு திரும்ப வராது. எண்ணெயை எடுத்த பிறகும் சிலருக்குப் பிரஷர் இறங்குவதில்லை. சொட்டு மருந்து, மாத்திரை, அதற்கும் மசியாவிட்டால் லேசர் அல்லது நீரை வடிக்கும் குழாய். அந்தக் குழாய்க் கருவியை மதுரையிலுள்ள ஆரோலேப் நிறுவனமே தயாரிக்கிறது. எண்ணெய் மேலே மிதப்பதால் குழாயைப் பெரும்பாலும் கண்ணின் கீழ்ப்பாதியில் வைப்பார்கள்.

கேஸிலும் பிரஷர் ஏறும். ஆனால் பெரும்பாலும் முதல் சில நாளில், ஆபரேஷனுக்குப் போன மதுரையில் டாக்டர் கண்பார்வையில் இருக்கும்போதே. எண்ணெயின் ஆபத்து ஊர் திரும்பி, எல்லாம் சரியாகிவிட்டது என்று இருக்கும்போது வருகிறது. அதனால் என் ஓட்டு, டாக்டர் சம்மதித்தால், கேஸுக்கே.

எண்ணெய்தான் என்றால், "மீன்பிடித் தடைக்காலத்தில் எடுத்துக்கலாம்" என்று பாம்பன் பக்கம் தள்ளிப்போடுவது நடக்கும். செப்டம்பரில் வைத்த எண்ணெய்க்கு, தடை தொடங்கும் ஏப்ரல் 15-க்குள் சுமார் ஏழு மாதம் ஆகிவிடும். நாள் குறிக்கும்போதே தொழிலைச் சொல்லிவிடுங்கள். இடையில் பிரஷர் மட்டும் பார்க்க மதுரை வரை போக வேண்டாம், ராமநாதபுரத்திலேயே ஒரு கண் டாக்டரிடம் பார்க்கலாம்.