ஆம்புலன்ஸ் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்? கூப்பிடுவதற்கு முன்பே கேட்டுவையுங்கள்

நாங்கள் கூப்பிட்ட தனியார் ஆம்புலன்ஸ் சேவைக்கு 5-க்கு 4 நட்சத்திரம். வண்டி சீக்கிரம் வந்தது, ஆக்சிஜன், மானிட்டர் எல்லாம் வேலை செய்தது, அதெல்லாம் சரி. நான் எழுத வந்தது அவர்கள் பெரியப்பாவை எங்கே கொண்டுபோனார்கள் என்பதைப் பற்றி.

அவருக்கு வாய் கோணி, பேச்சு குழறியது. டெக்னீஷியன் இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், வலது கை தானாக இறங்கிவிட்டது. "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்று கேட்டு, பெரியம்மா சொன்ன நேரத்தைக் கையுறை மேலேயே பேனாவால் எழுதிக்கொண்டார். நாங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயே போங்கள் என்று அண்ணன் சத்தம் போட, அவர் கோபப்படாமல், "அங்க இந்த நேரத்துல ஸ்கேன் எடுக்க ஆள் இல்லைங்க, திரும்ப வேற வண்டியில ஏத்தணும்" என்றார்.

அவர்கள் விதி இதுதான்: இருப்பதிலேயே கிட்ட உள்ள ஆஸ்பத்திரி இல்லை, அந்த நோயைப் பார்க்க வசதியுள்ளவற்றில் கிட்ட உள்ளது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சிடி ஸ்கேனில் பார்க்காமல் போடவும் முடியாது, அதனால் ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கினால் அந்த நேரம்தான் கரையும். மாரடைப்பிலும் இதே கதை, ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்கு நேராகப் போனால் 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறப்பதுதான் இலக்கு. ஆனால் மூச்சுப்பாதையைக் காப்பாற்ற முடியாத நிலை என்றால் கிட்ட இருக்கிற எமர்ஜென்சிதான். நோயாளி தெளிவாக இருந்து வேறு இடம் கேட்டால், ஆபத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அங்கே போகிறார்கள்.

வழியிலேயே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு எழுதிவைத்த நேரத்தைச் சொல்லிவிட்டார்கள். இறங்கியதும் ஸ்ட்ரெச்சர் நேராக ஸ்கேன் அறைக்குப் போனது. இதற்காகவே எத்தனை பாராட்டினாலும் தகும்.

அப்புறம் குறை. படுக்கை இல்லை என்று ஆஸ்பத்திரி சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன், வேறு இடம் பார்ப்போம் என்பதற்கு மேல் பதில் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், கூட்டத்தைக் காரணம் காட்டி ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்புவதை 2009-லேயே தடை செய்தது, அதனால் காத்திருப்பு ஒன்றும் கூடிவிடவில்லை. இங்கே மாற்று ஆஸ்பத்திரிப் பட்டியலாவது கையில் இருக்க வேண்டாமா? கூடுதல் தூரத்துக்குக் கட்டணம் உண்டு என்பதும் கூப்பிட்டபோது யாரும் சொல்லவில்லை, பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. குறைத்த ஒரு நட்சத்திரம் இந்த இரண்டுக்கும்தான்.

இவர்கள் நம்பரைப் போனில் சேமிக்கும்போதே கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, பக்கவாதத்துக்கு எங்கே, மாரடைப்புக்கு எங்கே, தீக்காயத்துக்கு எங்கே, தூரம் கூடினால் யார் பணம் கட்டுவது என்று கேளுங்கள், நிதானமாகவே பதில் சொல்கிறார்கள்.